கண்ணுக்குத் தெரியாத தரை

பாகூர் என்றதும் புதுச்சேரியில் எவருக்கும் நினைவுக்கு வருவது நெல்தான். சொர்ணாவூர் அணையில் பிரியும் பங்காரு வாய்க்கால், அது தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பும் ஏரி, ஏரியை நம்பிய வயல், புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பட்டம் என்று ஊரின் பெருமை முழுக்க மேற்கே பார்த்தபடி நிற்கிறது. ஆனால் இதே கொம்யூனின் கிழக்கு ஓரம் வங்கக் கடல். பனித்திட்டு, நரம்பை, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் என்று மீனவ ஊர்கள் மணலை ஒட்டியே இருக்கின்றன. வயலுக்கும் கடலுக்கும் நடுவே கழிகளும் ஆற்று முகத்துவாரங்களும். அந்த நடுப்பகுதிக்குச் சொந்தக்காரன் என்று ஒரு மீனைச் சொல்ல வேண்டுமானால் கொடுவாவைச் சொல்லலாம். கரையோரத்தில் இந்த மீனுக்கு வலை விரிக்கவும் தூண்டில் போடவும் இங்கே பலருக்குத் தெரியும். கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டது, ஆழத்துக்குப் போங்கள் என்று அரசும் வல்லுநர்களும் முப்பது ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இவர்களிடம்தான். சொல்கிறவர்கள் உடனே படகைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் மானியத்தைப் பற்றியும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆழத்தில் மீன் பிடிக்கக் கற்பது என்பது முதன்மையாக ஒரு தரையைக் கற்பது, அதுவும் கண்ணால் பார்க்கவே முடியாத தரையை. அந்தப் படிப்பு இல்லாமல் வாங்கித் தரும் படகு கரையில்தான் நிற்கும் என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

முதலில் மீனைப் பார்ப்போம். வங்காளிகள் பேட்கி என்றும் ஆஸ்திரேலியர்கள் பாரமுண்டி என்றும் கொண்டாடும் மீன் நம் கொடுவாதான். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் விடப்பட்டு, அங்கிருந்த நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்களைக் காலி செய்த நைல் பெர்ச் இதற்கு நெருங்கிய உறவு. ஆக வேட்டைக்காரக் குடும்பம். ஆனால் துரத்தி ஓடிப் பிடிக்கும் வேட்டை இதற்குப் பழக்கமில்லை. பாலத்தின் தூண், சுரபுன்னை வேர், மூழ்கிக் கிடக்கும் மரம், பாறைச் சந்து என்று ஏதாவது ஒன்றின் நிழலில் பதுங்கி நிற்கும். ஓதம் திரும்பும் நேரத்தில் மடவைக் குஞ்சும் இறாலும் நீரோடு வரும்போது வாயைத் திறந்து உறிஞ்சி இழுத்துவிடும். முட்டையிடுவது முகத்துவாரத்தை ஒட்டிய உப்புத் தண்ணீரில். குஞ்சுகள் கழி, வாய்க்கால் என்று நல்ல தண்ணீர் நோக்கி ஏறும். வளர்ந்தபின் மறுபடி கடல் பக்கம் இறங்கும். இன்னொரு விசேஷம், இது ஆணாக வளர்ந்து முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிற மீன். பெரிய கொடுவா என்று ஏலத்தில் தூக்கிக் காட்டுவது அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். இதைப் பின்னால் மறுபடி எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கரையோரத்தில் கொடுவா பிடிப்பது ஏன் கைவந்த கலையாகிறது என்றால், பதுங்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. தூண் தெரிகிறது, வேர் தெரிகிறது, நீர் சுழிக்கும் இடம் தெரிகிறது. பாகூர் ஏரியில் விரால் பிடிப்பவருக்கும் இப்படித்தான். மதகடி, கோரைப் புதர், கலிங்கல் என்று மீன் நிற்கும் இடங்களை அவர் பார்த்தே சொல்லிவிடுவார். அதே மீனோ அதைப் போன்ற வேறு மீனோ பத்து பாக ஆழத்துக்குப் போய்விட்டால் பதுங்கும் குணம் மாறுவதில்லை. (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி.) அங்கும் பாறை உண்டு, பள்ளம் உண்டு, சேறு முடிந்து மணல் தொடங்கும் ஓரம் உண்டு. மேலிருந்து பார்ப்பவருக்கு இது எதுவும் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். கரையில் கற்ற பாடம் செல்லாமல் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாடம் அதேதான், அதை வாசிக்க உதவிய கண் மட்டும்தான் அங்கே பயன்படவில்லை.

இந்தச் சிக்கலை உலகில் மிகத் தெளிவாக எதிர்கொண்டவர்கள் கடலோடிகள் கூட இல்லை, அமெரிக்க ஏரிகளில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டவர்கள். அங்கே 'பாஸ்' என்று ஒரு நன்னீர் மீன். ஆங்கிலத்தில் கொடுவாவுக்கும் 'ஆசியக் கடல் பாஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். குடும்பம் வேறு, பதுங்கி அடிக்கும் குணம் ஒன்று. வெகுகாலம் அவர்கள் கரையைப் பார்த்தே தூண்டில் வீசினார்கள். வட கரோலினாவைச் சேர்ந்த பக் பெர்ரி என்பவர் 1940களில் இதைத் தலைகீழாக்கினார். மீனின் வீடு ஆழம், கரைக்கு அது வருவது சாப்பாட்டுக்காகத்தான், அதுவும் ஏரித் தரையில் உள்ள மேடு, பள்ளம், பழைய ஆற்றுத் தடம் ஆகியவற்றை வழியாகக் கொண்டுதான் வரும் என்பது அவர் வாதம். இதை நிரூபிக்க அவர் செய்த கருவி ஒரு வளைந்த உலோகத் தகடு, படகின் பின்னால் இழுத்துப் போகும்போது தரையைத் தட்டிக்கொண்டே வரும். மீன் பிடிக்கும் தூண்டில் என்பதைவிட, தரையைத் தடவும் விரல் என்று அதைச் சொல்லலாம். 1959இல் கார்ல் லோரன்ஸ் கையில் தூக்கிச் செல்லக்கூடிய ஒலிமானியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஏரி நீரில் பத்தில் ஒரு பங்கு இடத்தில்தான் மீனில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது என்ற கணக்கு அதன்பின் தூண்டில்காரர்களிடையே பரவியது. எண்ணிக்கை துல்லியமா என்பது கிடக்கட்டும். வரிசையைக் கவனியுங்கள். தரையைப் பற்றிய எண்ணம் முதலில் வந்தது, கருவி பின்னால் வந்தது. நம் ஊரில் நாம் கருவியை முதலில் வாங்கிவிட்டு எண்ணத்துக்குக் காத்திருக்கிறோம்.

ஆழம் கூடக்கூட மீனும் கூடும் என்ற நம்பிக்கையையும் அந்த ஏரிகளே உடைத்தன. கோடையில் ஆழமான ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே வெதுவெதுப்பான நீர், கீழே குளிர்ந்த கனத்த நீர், நடுவே மெல்லிய எல்லை. கீழடுக்குக்குக் காற்று படாததால் பிராணவாயு தீர்ந்துபோகும். அங்கே தூண்டிலை இறக்குவது காலி வீட்டின் கதவைத் தட்டுவதுபோல. பாகூர் ஏரிக்கு அவ்வளவு ஆழம் கிடையாது, இந்தத் தொல்லை இல்லை. வங்கக் கடலுக்கு உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர் இந்தக் கடலின் மேல்பரப்பில் ஒரு போர்வைபோல் கிடக்கிறது. உப்பு குறைந்த இலேசான அந்த நீர் கீழே உள்ளதோடு எளிதில் கலப்பதில்லை. நூறு மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் பிராணவாயு சரசரவென்று குறைகிறது. எனவே ஆழ்கடல் என்பது ஒரு பெரிய களஞ்சியம், போனால் அள்ளலாம் என்று மேடையில் பேசுவது எளிது. கடலில் எந்த அடுக்கில், எந்தத் தரை மேல், எந்த மாதத்தில் என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மீன் இருக்கிறது. கொடுவாவுக்கே எல்லை உண்டு. பெரும்பாலும் 40 மீட்டர் ஆழத்துக்குள்தான் அது இருக்கும். அதைத் தாண்டினால் கலவா, சங்கரா என்று அடித்தரை மீன்களும், சூரை போன்ற ஓடும் மீன்களும்தான்.

பாகூர்க் கரையிலிருந்து பார்த்தால் இந்தத் தரை எப்படி இருக்கும்? புதுச்சேரி, கடலூர்ப் பகுதிக் கண்டத்திட்டு குறுகலானது. கேரளத்திலோ குஜராத்திலோ போல வெகுதூரம் மெல்லச் சரிந்துகொண்டே போகாது. அதன் வெளி விளிம்பைப் பெரிய கடலடிப் பள்ளத்தாக்குகள் அறுத்துக்கொண்டு போகின்றன, புதுச்சேரிப் பள்ளத்தாக்கு என்றே ஒன்றுக்குப் பெயர். கரையிலிருந்து ஆழத்துக்குத் தூரம் குறைவு என்பது ஒரு வரம். இந்த வரத்தை இவ்வூர்க்காரர்கள் முழுக்கப் பயன்படுத்தாததற்கு ஓர் எளிய கணக்குக் காரணம் சொல்லலாம். கட்டுமரக் காலத்தில், மீன் கூடும் கடலடிப் பாறைத்திட்டான 'பார்' ஒன்றை மறுபடி கண்டுபிடிக்க மீனவர் பயன்படுத்தியது கரைக்குறி. ஒரு பனைமரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள கோபுரத்தையும் ஒரே கோட்டில் நிறுத்துவது, இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கத்தையும் ஒரு சவுக்குத் தோப்பின் முனையையும் நிறுத்துவது. இரண்டு கோடும் வெட்டும் புள்ளியில் பார். கருவியே இல்லாத துல்லியமான நில அளவை இது. ஆனால் பூமி உருண்டை. இருபது மீட்டர் உயர மரத்தைப் படகில் நிற்பவர் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் வரைதான் பார்க்க முடியும். அதுவும் மூட்டம் இல்லாத நாளில். கரைக்குறி முழுகும் இடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவும் முழுகுகிறது. வேடிக்கையாக, நாட்டின் ஆட்சிக்கடல் எல்லையான 12 கடல்மைலும் கிட்டத்தட்ட அங்கேதான் முடிகிறது. அதற்கு அப்பால் போ என்று ஒருவரிடம் சொல்வது, எழுதப்படிக்கத் தெரிந்தவரை எழுத்தே தெரியாத மொழி பேசும் ஊருக்கு அனுப்புவது மாதிரி.

அங்கே கையும் வேறு விதமாகப் பழக வேண்டும். இரண்டு பாக ஆழத்தில் தூண்டில் போட்டால் இரையை மீன் முகர்ந்தாலே விரலுக்குத் தெரியும். முப்பது பாகத்தில் தூண்டில் நரம்பு நீரோட்டத்தில் வில்லாக வளையும். படகு ஒரு பக்கம் நகர, மேல்நீர் ஒரு பக்கம் ஓட, அடிநீர் வேறு பக்கம் ஓடும். ஐம்பது மீட்டர் நரம்பை விட்டிருக்கிறேன், ஐம்பது மீட்டர் ஆழத்தில் முள் இருக்கிறது என்று நினைப்பவர் ஏமாறுவார். நரம்பு பாதிக்குப் பாதி சாய்ந்தால், அதாவது 45 பாகை சரிந்தால், முள் நிற்பது 35 மீட்டரில். மீனோ தரையை ஒட்டிக் கிடக்கிறது. ஈயக்குண்டு எவ்வளவு கனம், நரம்பு எவ்வளவு மெல்லிசு, படகை நங்கூரமிட்டு நிறுத்துவதா, ஓட்டத்தோடு விடுவதா, நீர் எப்போது ஓய்ந்து நிற்கும் என்பதெல்லாம் அங்கே கணக்குகள். குண்டு சேற்றில் விழுந்தால் கை உணர்வது மெத்தையில் விழுந்த மாதிரி, பாறையில் விழுந்தால் 'டக்'. இந்த வித்தியாசத்தை முப்பது பாக நரம்பின் வழியாக உணரும் விரல் ஒரு பருவத்தில் வந்துவிடாது. இவ்வளவும் பிடிப்பதற்கு மட்டும். பிடித்ததை ஐஸில் போட்டுத் தரம் கெடாமல் கொண்டுவருவது தனிப் பாடம். ஆழத்தில் பிடித்த மீனுக்குப் பணம் எடையால் வருவதைவிடப் பதத்தால் வருவதுதான் அதிகம்.

படகு முதலில், படிப்பு பின்னால் என்ற வரிசை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பாக் நீரிணையின் இழுவைமடிப் படகுகளை ஆழ்கடலுக்குத் திருப்ப 2017இல் மத்திய, மாநில அரசுகள் ஒரு திட்டம் கொண்டுவந்தன. மூன்று ஆண்டுகளில் 2000 இழுவைமடிப் படகுகளுக்குப் பதிலாகச் சூரை மீன் தூண்டிலும் செவுள்வலையும் கொண்ட ஆழ்கடல் படகுகள். ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய். அதில் பாதி மத்திய அரசு, 20 விழுக்காடு மாநில அரசு, 20 விழுக்காடு வங்கிக் கடன், மீனவர் கையிலிருந்து 10 விழுக்காடு. இதைவிடத் தாராளமான மானியத்தைக் கேட்க முடியாது. ஆனாலும் இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. கடன் சுமை, படகு கட்டும் தாமதம், துறைமுக வசதிக் குறைவு என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன, எல்லாமே உண்மைதான். அவற்றுக்கு அடியில் இருந்த காரணத்தை யாரும் விலை போட்டுப் பார்க்கவில்லை. பாக் நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீட்டர் ஆழம்கூட இல்லாதது. மாலையில் போய் மறுநாள் காலையில் திரும்புகிற தொழில். மடியை இறக்கி இழுத்தால் தரையில் இருப்பது எல்லாம் வரும். இழுவைமடி தரையைப் படிக்க வேண்டியதில்லை, வழித்தெடுத்தால் போதும். சூரைத் தூண்டில் வாரக்கணக்கில் கடலில் இருக்கச் சொல்கிறது, ஒவ்வொரு முள்ளையும் எந்த அடுக்கில் தொங்கவிடுவது என்று கேட்கிறது. இரண்டும் 'மீன்பிடித்தல்' என்ற ஒரே சொல்லுக்குள் இருப்பதால் ஒரே தொழில் என்று திட்டம் போட்டவர்கள் நினைத்துவிட்டார்கள். தச்சரும் கொத்தனாரும் வீடு கட்டுகிறவர்கள்தான், அதற்காக உளியை வாங்கிக்கொண்டு கரண்டியைக் கொடுத்தால் மறுநாளே சுவர் எழும்பிவிடாது.

எதிர்ச் சாட்சி கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நீரோடி முதல் இரையுமன்துறை வரை நெருக்கமாக அமைந்த சில ஊர்களைப் பொதுவாகத் தூத்தூர் என்றே அழைக்கிறார்கள். நாட்டிலேயே மிகத் திறமையான ஆழ்கடல் தூண்டில்காரர்கள் இவர்கள். சுறாவும் சூரையும் தேடிக் கொச்சியிலிருந்து புறப்பட்டு, அரபிக்கடலில் குஜராத் வரையும் தெற்கே பன்னாட்டுக் கடல் வரையும் வாரக்கணக்கில் போகிறார்கள். எந்த மானியமும் இவர்களை ஆழத்துக்குக் கூப்பிடவில்லை. பக்கத்திலேயே ஆழம், கையில் தூண்டில் பழக்கம், அனுபவசாலியின் படகில் ஆளாகப் போய்க் கற்றுக்கொள்ளும் முறை ஆகியவற்றால் படிப்படியாகத் தூரம் கூடியது. படகும் அதன் பின்னாலேயே பெரிதானது. படிப்பு முன்னால், படகு பின்னால். அமெரிக்க ஏரியில் நடந்த அதே வரிசை, காசில்லாத கைகளால் நடந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். கரைக்குறியும் ஈயக்குண்டும் தாத்தா காலத்துச் சங்கதி. இன்றைக்கு ஜிபிஎஸ் இருக்கிறது, எக்கோ சவுண்டர் இருக்கிறது, ஐதராபாத்திலிருந்து இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் இடத்தைத் திசை, தூரம், ஆழம் சகிதம் இறங்குதளவாரியாக அனுப்புகிறது, இவற்றை வைத்துக்கொண்டு தரையைப் படி என்று ஏன் புலம்ப வேண்டும் என்று கேட்கலாம். ஜிபிஎஸ் கரைக்குறி முழுகும் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்பதை மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருமுறை கண்ட பாரை இனி எந்த மூட்டத்திலும் மறுபடி பிடிக்கலாம். ஆனால் முதல்முறை காண்பது எப்படி? இன்காய்ஸ் அறிவிப்பு செயற்கைக்கோள் பார்க்கும் மேல்பரப்பு வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் வைத்துக் கணிப்பது. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை என்று மேல்நீரில் கூட்டமாக ஓடும் மீனுக்கு அது நல்ல துணை. பாறைச் சந்தில் தனியாகக் கிடக்கும் கலவாவையோ கொடுவாவையோ வானத்திலிருந்து பார்க்க முடியாது. எக்கோ சவுண்டர் தரையைக் காட்டும். திரையில் தடித்த கோடு வந்தால் கெட்டித் தரை, மங்கிப் பரவினால் சேறு, நடுவில் வளைவுகள் வந்தால் மீனாக இருக்கலாம் என்று வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் காட்டும். தெரியாதவருக்கு அது நிறம் மாறும் தொலைக்காட்சி. ஈயக்குண்டின் 'டக்'கை விரலில் உணர்ந்தவருக்கு அந்தத் தடித்த கோடு ஒரு நொடியில் புரிந்துவிடும். பழைய படிப்பு இருக்கிறவர் கையில்தான் புதிய கருவி பேசுகிறது.

இன்னொரு மறுப்பு, கொடுவாவுக்காக ஏன் கடலுக்குப் போக வேண்டும், வளர்த்துக்கொள்ளலாமே என்பது. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவாவைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்து காட்டியது. 2007இல் விசாகப்பட்டினத்தில் நாட்டின் முதல் திறந்த கடல் கூண்டில் விடப்பட்டதும் கொடுவாதான். இன்று குஞ்சு வாங்கலாம், குளத்திலோ கூண்டிலோ விடலாம். நல்ல விஷயம், கழிமுகத்துக் கொடுவாவின் மேலுள்ள அழுத்தத்தை அது குறைக்கவும் செய்யும். ஆனால் குளமும் தீவனமும் குஞ்சும் முதலீடு கேட்பவை. நரம்பையில் ஃபைபர் படகு வைத்திருக்கும் ஒருவருக்கு வளர்ப்பு மாற்றுத் தொழிலாகலாம், அவர் கையிலுள்ள தொழிலுக்கு அது பதில் சொல்வதில்லை.

உயிர் பற்றிய மறுப்பு இவற்றைவிடக் கனமானது. தூத்தூரைப் புகழ்ந்துவிட்டு ஒக்கியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் திடீரென்று வலுத்தபோது அந்த ஊர்களின் படகுகள் எச்சரிக்கை எட்டாத தூரத்தில் இருந்தன, ஏராளமானோர் திரும்பவில்லை. ஆழத்துக்குப் போகக் கற்றுக்கொடு என்பதற்கு ஈடாகத் திரும்பி வரவும் கற்றுக்கொடு என்ற பொறுப்பு சேர்ந்தே வருகிறது. இதில் புதுச்சேரிக் கிராமங்களுக்கு ஒரு பழைய முன்னனுபவம் உண்டு, அது இப்போது அதிகம் பேசப்படுவதில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் அலை உயரக் கணிப்பை இணையத்தில் எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். ஊருக்குள் செல்பேசி வராத காலம் அது. பாகூர்க் கரைக்கு வடக்கே உள்ள நல்லவாட்டில் 2004 டிசம்பர் 26 அன்று ஊரைக் காலி செய்யச் சொன்னதும் அப்படியொரு ஒலிபெருக்கிதான். தகவல் அமெரிக்காவிலிருந்து வந்ததா ஐதராபாத்திலிருந்து வந்ததா என்பதைவிட, அதை ஊர்மொழியில், ஊர்க்காரர் குரலில், நம்பும் விதத்தில் சொன்னது முக்கியம். தரையைப் பற்றிய படிப்பும் அதே வழியில்தான் இறங்கும். அதிகாரி நடத்தும் ஒருநாள் பயிற்சி முகாமில் தேநீரும் சான்றிதழும் கிடைக்கும், முப்பது பாகத்தில் குண்டு விழும் உணர்வு கிடைக்காது.

கடைசி மறுப்பைத்தான் தீர்க்க முடியவில்லை, தீர்ந்ததாகப் பாவனை செய்யவும் விருப்பமில்லை. கரையைக் காலி செய்துவிட்டோம், இனி ஆழத்தையும் காலி செய்யக் கற்றுக்கொடுக்கப் போகிறோமா? மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து அள்ளும் சுருக்குமடி வலையால் இதே கரையில் ஊருக்கு ஊர் கடலில் மோதிக்கொண்டது பழைய செய்தி ஆகிவிடவில்லை. அந்த வலையை 12 கடல்மைலுக்கு அப்பால் வாரம் இரண்டு நாள் மட்டும் பயன்படுத்தத் தமிழ்நாட்டு மீனவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் அனுமதி அளித்தபோது, சண்டையும் கொஞ்சம் ஆழத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். ஆழத்து மீன்களுக்கு ஒரு தனிப் பலவீனம் இருக்கிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைவிட நான்கு மடங்கு. அங்கிருந்து வேகமாக மேலே இழுத்தால் மீனின் காற்றுப்பை நான்கு மடங்கு உப்பி, வயிறு வாய் வழியாகத் தள்ளிக்கொண்டு வரும். கரையோரத்தில் சிறு கொடுவாவைத் தூண்டிலிலிருந்து கழற்றி விட்டால் நீந்திப் போய்விடும், ஆழத்துக் கலவாவை விட்டால் மிதந்து சாகும். அதாவது ஆழத்தில் 'சின்னது, விட்டுவிடு' என்ற கருணைக்கு இடமில்லை. கலவாவும் கொடுவாவைப் போலவே வயதான பின் பால் மாறும் இனம், திசைதான் நேர்மாறு, பெண்ணாக இருந்து ஆணாகும். ஒரு பாரிலுள்ள பெரிய மீன்களை மட்டும் தொடர்ந்து எடுத்தால் ஒரு பாலினமே அங்கே அருகிப்போகும்.

இதற்குப் பதிலாக இவ்வளவு சொல்லலாம். தரையைப் படித்தவர்தான் இந்தக் கணக்கைப் போட முடியும். தரையைப் படிக்காத கருவி எதுவோ அதுதான் தரையை அழிக்கிறது. தூண்டில் ஒரு பாரில் ஒருநாளைக்கு எடுக்கும் மீனுக்கு ஓர் அளவு உண்டு, இழுவைமடி அந்தப் பாரையே பெயர்த்துவிடும். எந்தப் பாரில் எத்தனை மாதம் தூண்டில் போட்டோம், மீனின் நீளம் போன வருஷத்தைவிடக் குறைந்ததா என்று குறித்துவைக்கிற மீனவர், அதைக் கணினியில் கணக்கிடும் ஆராய்ச்சியாளரைவிட முன்னதாகவே ஆபத்தைக் கண்டுகொள்வார். ஆனால் குறித்துவைப்பாரா, வைத்தாலும் பக்கத்து ஊர்ப் படகு அதே பாருக்கு வராமல் தடுக்க முடியுமா என்பது ஊர்ப் பஞ்சாயத்துகள் பேசித் தீர்க்க வேண்டிய காரியம், தொழில்நுட்பம் அதைத் தீர்க்காது.

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகள் வரிசைகட்டி நிற்கும், வலையைப் பின்னுவதும் எஞ்சினைப் பிரிப்பதும் நடக்கும். அந்தக் காலத்தில் தடைக்கு உட்படாத சிறு படகு ஒன்றில் ஒரு முதியவரும் இரண்டு இளைஞர்களும் ஒரு செல்பேசியும் ஒரு நோட்டும் போதும், பாகூர்க் கரைக்கு எதிரேயுள்ள கடலடியை வரையத் தொடங்கலாம். முதியவர் கரைக்குறியைச் சொல்வார், இளைஞர் ஜிபிஎஸ் எண்ணைப் பதிவார், ஈயக்குண்டு ஆழத்தைச் சொல்லும். பழைய மாலுமிகள் பலரும் செய்த ஒரு சின்னத் தந்திரம் உண்டு. குண்டின் அடியில் ஒரு குழிவு வெட்டி, அதில் கொழுப்பைத் திணித்து இறக்குவார்கள். இன்றைக்குத் துணி சோப்பே போதும். மேலே எடுக்கும்போது சோப்பில் ஒட்டிக்கொண்டு வரும், சில இடத்தில் கறுப்புச் சேறு, சில இடத்தில் பரல் மணல், சில இடத்தில் நொறுங்கிய சிப்பி. எதுவுமே ஒட்டாமல், சோப்பில் ஒரு வடு மட்டும் பதிந்து வந்தால் கீழே பாறை.